இரட்டையர் அளித்த சாட்சியம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இராமகிருஷ்ணபுரத்தில் நான் வசிக்கும் அரசாங்கக் குடியிருப்புக்கு ஓர் அம்மையார் வந்தார். தஞ்சைப் பக்கத்தைச் சேர்ந்தவர். கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டுத் தில்லிக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கையில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு மருத்துவக் குறிப்பு இருந்தது. மொழிபெயர்ப்பதே என் தொழில் என்பதை மலை மந்திரில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அவருக்கு இரட்டைப் பிள்ளைகள். ஏழு நிமிஷ இடைவெளியில் பிறந்தவர்கள். உற்றார் உறவினரே ஒருவனை அழைக்க நினைத்து மற்றவனை அழைத்துவிடுவார்களாம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது மூத்தவனுக்கு யாரும் பேசாத குரல்கள் கேட்கத் தொடங்கின. அயலார் தனக்கெதிராகச் சதி செய்கிறார்கள் என்று அஞ்சிக் கதவைத் தாழிட்டுக் கொண்டான். குறிப்பில் நோயின் பெயர் ஸ்கிஸோஃப்ரீனியா என்று இருந்தது. 'மனச்சிதைவு' என்று நான் தமிழில் சொன்னேன். அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மூன்று கேள்விகள் கேட்டார்.

“தம்பி, இரண்டும் ஒரு வயிற்றில் ஒன்றாகக் கிடந்த பிள்ளைகள். பெரியவனுக்கு வந்தது சின்னவனுக்கும் வந்துவிடுமா? இது எங்கள் வம்சத்திலிருந்து வந்ததா, அவர்கள் வம்சத்திலிருந்தா? இல்லை, நான் வளர்த்த வளர்ப்பில்தான் பிசகா?”

நான் மொழிபெயர்ப்பாளன்; மருத்துவன் அல்லன். அன்று என்னிடம் விடையில்லை. ஆயினும் அக்கேள்விகள் என்னை விடவில்லை. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் படித்துப் பார்த்ததில் ஒன்று தெளிவாயிற்று. அந்தத் தாய் கேட்ட மூன்று கேள்விகளைத்தான் உலகத்து மனநோய் மருத்துவர்கள் நூறாண்டு காலமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். அவர்களும் விடை தேடிச் சென்ற இடம் இரட்டைப் பிள்ளைகளிடமே. அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

முதலில் நோயின் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்பெலின், இளமையிலேயே தோன்றி அறிவை மங்கச் செய்யும் நோய் என்று இதனை வகைப்படுத்தினார். 1908இல் சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லர், இந்நோய் எப்போதும் இளமையில்தான் வரும் என்பதும், எப்போதும் அறிவை அழித்துவிடும் என்பதும் சரியல்ல என்று கண்டு, 'பிளவுபட்ட மனம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஸ்கிஸோஃப்ரீனியா என்னும் பெயரை ஆக்கினார். ஒருவருக்குள் இரண்டு மனிதர் இருப்பதாக இதனைப் பொருள் கொள்வது தவறு. எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றின் இணக்கம் குலைவதையே அவர் குறித்தார். பெயரால் விளையும் இழிவைப் போக்க எண்ணி ஜப்பானியர் 2002இல் தங்கள் மொழியில் அந்நோயின் பெயரையே மாற்றிவிட்டனர். ஒரு சொல் ஒரு குடும்பத்தின் தலைமேல் எவ்வளவு பாரமாக இறங்கும் என்பதை அந்த ஞாயிறன்று நானும் கண்டேன்.

இது அரிய நோயன்று. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சிதைவும் அதனைச் சார்ந்த கடும் மனநோய்களும் வாழ்நாளில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 பேரைப் பாதிக்கின்றன. நம்மவர் பலர் வாழும் எந்தப் பெரிய குடியிருப்பிலும் இரண்டொரு வீட்டில் இத்துன்பம் இருக்கும் என்பது இதனால் விளங்கும். வெளியே தெரியாதிருப்பதற்குக் காரணம் நாம் அதை மறைப்பதே.

இனி இரட்டையர். இரட்டைப் பிள்ளைகளில் இரு வகையுண்டு. கருவுற்ற ஒரே முட்டை இரண்டாகப் பிரிந்து பிறப்பவர் ஒருகரு இரட்டையர்; இவர்கள் பெற்ற மரபணுக்கள் ஏறக்குறைய முற்றிலும் ஒன்றே. இரண்டு முட்டைகள் தனித்தனியே கருவுற்றுப் பிறப்பவர் இருகரு இரட்டையர். இவர்கள் மற்ற உடன்பிறந்தாரைப் போலச் சராசரியாகப் பாதியளவு மரபணுக்களில்தான் ஒத்திருப்பர். இரு வகையினரும் ஒரே கருப்பையில் கிடந்து, ஒரே வீட்டில், ஒரே காலத்தில் வளர்பவர்கள். ஆகவே ஒரு நோயில் முதல் வகையினர் இரண்டாம் வகையினரைக் காட்டிலும் மிகுதியாக ஒத்திருந்தால், அந்த மிகுதிக்கு மரபு காரணம் என்று கொள்ளலாம். ஒருகரு இரட்டையரில் ஒருவர் நோயுற்று மற்றவர் நலமாக இருந்தால், மரபுக்கு அப்பாலும் ஏதோ ஒரு காரணம் உண்டு என்று கொள்ளலாம்.

இரட்டையரை ஆராய்ச்சிக்கு உரியவராக முதலில் கருதியவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன். 1875இல் இரட்டையர் வரலாற்றைப் பற்றி அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆனால் இருவகை இரட்டையரையும் முறைப்படி ஒப்பிடும் வழி 1924இல்தான் உருவாயிற்று. தோல் மருத்துவரான ஹெர்மன் சீமென்ஸ் மச்சங்களை ஆராய்வதற்காக அவ்வழியை வகுத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1928இல், மியூனிக் நகரில் ஹான்ஸ் லுக்ஸன்பர்கர் அதனை மனநோய்க்குப் பயன்படுத்தினார். கண்ணில் பட்ட விசித்திரமான இரட்டையரை மட்டும் அவர் சேர்க்கவில்லை. மருத்துவமனைப் பதிவேடுகளை எடுத்து, நோயாளிகளில் யார் யார் இரட்டையராகப் பிறந்தவர் என்பதைப் பிறப்புப் பதிவேடுகளின் துணையால் கண்டறிந்தார். ஒருகரு இரட்டையரிடம் நோயின் ஒற்றுமை மிகுந்திருந்தது. ஆயினும் ஒருவர் நோயுற மற்றவர் நலமாக இருந்த இணைகளும் இருந்தன. முழு விடையின் சாயல் அந்த முதல் ஆராய்ச்சியிலேயே தோன்றிவிட்டது எனலாம்.

ஆனால் அடுத்து நிகழ்ந்தது மனித வரலாற்றில் ஒரு பெருங்களங்கம். அதே மியூனிக் நிறுவனத்தில் பரம்பரை ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய எர்ன்ஸ்ட் ரூடின், மரபு என்பதை மாற்றவியலாத தலைவிதி என்று கொண்டவர். ஹிட்லர் அரசு 1933 ஜூலையில் இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டத்திற்கு உரை எழுதியவருள் அவரும் ஒருவர். அச்சட்டம் பெயர் சொல்லிக் குறித்த நோய்களில் மனச்சிதைவும் ஒன்று. ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. 1939இல் தொடங்கி 1941 ஆகஸ்டுக்குள் மனநோயாளரும் ஊனமுற்றோருமாக 70,000 பேருக்கு மேல் நச்சுவாயுக் கூடங்களில் கொல்லப்பட்டனர். நோயுற்றோரை அழித்தால் நோய் அழியும் என்ற அந்த எண்ணம் அறநெறிக்கு மட்டுமன்றி அறிவியலுக்கும் முரணானது. மனச்சிதைவு நோயாளருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேருக்குத் தாய் தந்தை இருவரில் எவருக்கும் அந்நோய் இருப்பதில்லை.

ரூடினிடம் பயின்ற பிரான்ஸ் கால்மன் யூத மரபினர். 1936இல் நாட்டைவிட்டு நியூயார்க் சென்றார். நோயாளிகளாக இருந்த இரட்டையர் 691 பேரை அடிப்படையாகக் கொண்டு 1946இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒருகரு இரட்டையரில் ஒருவர் நோயுற்றால், மற்றவரும் நோயுற்றவராக இருந்தது நூற்றுக்கு 69. இனி வரக்கூடிய வயதையும் கணக்கிட்டால் 86. இருகரு இரட்டையரில் அது 10 முதல் 15 வரைதான். 86 என்னும் அந்த எண் உலகெங்கும் பரவிற்று.

விந்தை என்னவென்றால், அதே காலத்தில் அமெரிக்க மருத்துவர் பலர் நேர்மாறான கொள்கையைத் தழுவியிருந்தனர். மனோதத்துவ மருத்துவர் ஃபிரீடா ஃப்ரோம்–ரைக்மன் 1948இல் எழுதிய கட்டுரையொன்றில், மகனை நோயாளியாக்கும் தாய் என்று பொருள்படும் ஒரு தொடரைப் பயன்படுத்தினார். அன்பு காட்டாத தாய், அளவுக்கு மீறி அடக்கும் தாய், இவளே நோயின் மூலம் என்ற கருத்து இருபதாண்டுகளுக்கு மேல் ஓங்கி நின்றது. பிள்ளை நோயுற்ற துயரத்தோடு, நோயைத் தந்தவள் என்ற பழியையும் எண்ணற்ற தாய்மார் சுமந்தனர். ஒரு தரப்பார் இரத்தத்தின்மேல் பழி போட்டனர். மறு தரப்பார் தாயின்மேல் பழி போட்டனர். தஞ்சை அம்மையாரின் இரண்டாம் கேள்வியும் மூன்றாம் கேள்வியும் இவையே அன்றோ?

இந்நிலையில் 1963இல் பின்லாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. பெக்கா டியனாரி என்பவர், ஒருவர் நோயுற்ற 16 ஒருகரு இணைகளை ஆராய்ந்து, மற்றவரும் நோயுற்ற இணை ஒன்றுகூட இல்லை என்று அறிவித்தார். 1967இல் நார்வேயின் ஐனார் கிரிங்லென் 55 இணைகளை ஆராய்ந்து 25 முதல் 38 சதவிகிதம் என்றார். ஒரே கேள்விக்கு 86 என்றும், பூஜ்யம் என்றும், 25 என்றும் விடைகள் வருவானேன்?

காரணங்கள் சில. பழைய ஆராய்ச்சிகள் பெரிய மனநோய் மருத்துவமனைகளில் நெடுங்காலம் கிடந்தோரிடமிருந்து தொடங்கின; அவர்களிடம் நோய் கடுமையாக இருந்தது, கடும் நோயில் துணையும் நோயுறுவது மிகுதி. சில ஆராய்ச்சிகளில் இவர் இன்னாருடைய இரட்டையர் என்பதை அறிந்த மருத்துவரே நோயையும் தீர்மானித்தார். நோயின் வரையறை நாட்டுக்கு நாடு மாறியது. சில இணைகளில் இரண்டாமவர் இன்னும் நோய் தோன்றும் வயதைக் கடக்கவில்லை. டியனாரியின் இணைகளில் சிலரும் பின்னர் நோயுற்றனர். அவருடைய பூஜ்யம் பூஜ்யமாகவே நீடிக்கவில்லை.

குழப்பத்தைத் தெளிவித்த பெருமை லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக்கு உரியது. அங்கே 1948 முதல் வந்த நோயாளர் ஒவ்வொருவரிடமும் அவர் இரட்டையராகப் பிறந்தவரா என்று கேட்டுப் பதிவு செய்யும் வழக்கத்தை எலியட் ஸ்லேட்டர் ஏற்படுத்தியிருந்தார். அப்பதிவேட்டைக் கொண்டு அமெரிக்கரான இர்விங் காட்டஸ்மனும் ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஷீல்ட்ஸும் 1966இல் வெளியிட்ட கணக்கு இது: ஒருகரு இணைகள் 24இல் 10இல் இருவரும் நோயுற்றிருந்தனர்; இருகரு இணைகள் 33இல் 3இல் மட்டுமே. அதாவது 42 சதவிகிதமும் 9 சதவிகிதமும். மறு ஆண்டு அவர்கள் ஒரு கொள்கையை முன்வைத்தனர். இந்நோய்க்கு ஒரு தீய மரபணு காரணமன்று. சிறு சிறு ஆற்றலுடைய பல மரபணுக்கள் கூடுவதால் நோய்க்கான சார்பு உண்டாகிறது. அது ஓர் எல்லையைத் தாண்டும்போதுதான் நோய் தோன்றுகிறது என்பதே அது.

தாயின் வளர்ப்பைப் பற்றிய ஐயத்தை வேறொரு வழியால் தீர்த்தனர். 1966இல் லெனர்ட் ஹெஸ்டன், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், மனச்சிதைவுற்ற தாய்மாருக்குப் பிறந்து மூன்று நாள்களுக்குள் பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரைத் தேடிக் கண்டார். அவர்களுள் 5 பேர் நோயுற்றிருந்தனர். அவ்வாறே பிரிந்து வளர்ந்த, நோயற்ற தாய்மாரின் மக்கள் 50 பேரில் ஒருவரும் நோயுறவில்லை. நோயுற்ற தாயோடு வாழாதிருந்தும் நோய் வந்தது. ஆகவே தாயின் வளர்ப்பு அதற்கு மூலகாரணம் அன்று. அன்னையரின் தலையிலிருந்து ஒரு பெரும்பழி அன்று இறங்கியது.

1989இல் டென்மார்க்கிலிருந்து மற்றொரு சான்று வந்தது. ஒருவர் நோயுற்று மற்றவர் நலமாக இருந்த ஒருகரு இரட்டையரின் பிள்ளைகளைக் காட்டஸ்மனும் பெர்ட்டல்சனும் ஆராய்ந்தனர். நோயுற்றவரின் பிள்ளைகளுக்கும், நோயே காணாத இரட்டையரின் பிள்ளைகளுக்கும் அபாயம் ஏறத்தாழ ஒரே அளவாக, நூற்றுக்குப் பதினேழாக இருந்தது. நோய் தோன்றாத உடலிலும் சார்பு மறைந்து நின்றது என்பதே இதன் பொருள். அதே ஆண்டு நார்வேயில் நடந்த ஆராய்ச்சியில் ஒற்றுமை இவ்வளவு தெளிவாகக் காணப்படவில்லை. இரண்டிலும் எண்ணிக்கை சிறியது என்பதை மறக்கலாகாது.

இக்காலக் கணக்குக்கு வருவோம். 1951 முதல் 2000 வரை டென்மார்க்கில் பிறந்த 31,524 இரட்டை இணைகளை நாட்டின் மருத்துவப் பதிவேட்டோடு ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஒருகரு இரட்டையரில் ஒருவர் நோயுற்றால் மற்றவரும் நோயுறுவது நூற்றுக்கு 33. இருகரு இரட்டையரில் 7. மரபின் பங்கு 79 சதவிகிதம் என்று கணித்தனர்.

இங்கே மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல். 'மரபின் பங்கு 79 சதவிகிதம்' என்பதைப் பலர் 'ஒருவருடைய நோயில் 79 பங்கு பெற்றோரால் வந்தது' என்றோ, 'பிள்ளைக்கு நோய் வர 79 சதவிகித வாய்ப்பு' என்றோ மொழிபெயர்க்கிறார்கள். இரண்டும் பிழை. ஒரு மாணவர் விடுதியை எண்ணிப் பாருங்கள். எல்லோரும் ஒரே சமையற்கூடத்தில் ஒரே உணவை உண்கிறார்கள். அவர்களுடைய உயரங்களில் காணும் வேறுபாட்டுக்கு உணவைக் காரணம் சொல்ல முடியாது. பெரும்பங்கு மரபுக்கே போகும். அதனால் உயரத்துக்கு உணவு வேண்டாம் என்று ஆகிவிடுமா? அந்த எண் ஒரு மக்கட்கூட்டத்துள் காணும் வேறுபாட்டைப் பற்றியதே தவிர, தனியொருவரின் விதியைப் பற்றியதன்று. தனியொருவருக்கு உரிய எண் மற்றொன்று: ஒரே மரபணுக்களைப் பெற்றிருந்தும் மூவரில் இருவர் நோயுறவில்லை என்பதே அது.

அப்படியானால் எஞ்சிய காரணங்கள் யாவை? கருவிலிருக்கும்போது தாய் பட்ட பட்டினி ஒன்று. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் கடுமையாக இருந்தபோது கருவுற்ற பிள்ளைகளிடம் இந்நோய் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. பேறுகாலச் சிக்கல்கள், இளம்வயதில் கஞ்சாப் பழக்கம், பெருநகரத்தில் வளர்தல் ஆகியவையும் அபாயத்தைக் கூட்டுகின்றன. புலம்பெயர்தலும் பட்டியலில் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறிய நார்வேயரிடம் நோய் மிகுந்திருந்ததை 1932இலேயே எர்னுல்ஃப் ஓடகார்ட் எடுத்துக்காட்டினார். ஊரைவிட்டு வந்த நம்மை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. புதிய ஊரில் தனித்து விடப்படும் பிள்ளையிடம் யாரேனும் அவன் மொழியில் பேச வேண்டும் என்பதற்காகவே சொல்லுகிறேன்.

தமிழகமும் இந்த ஆராய்ச்சி வரலாற்றில் பங்கு பெற்றிருக்கிறது. 1794இல் அறுவை மருத்துவர் வாலண்டைன் கொனோலி சென்னையில் தொடங்கிய மனநோயாளர் இல்லமே, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் பெயர்ந்து அரசு மனநோய் மருத்துவமனையாக வளர்ந்தது. அதன் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை பணியாற்றிய டாக்டர் சாரதா மேனன், 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமாகிய 'ஸ்கார்ஃப்' அமைப்பைச் சென்னையில் நிறுவினார். டாக்டர் ஆர். தாராவும் அவருடைய குழுவினரும் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளுடன் இணைந்து தமிழகக் குடும்பங்களை ஆராய்ந்து, முதலாம் குரோமோசோமில் நோயோடு தொடர்புடைய ஒரு பகுதியை 2009இல் அறிவித்தனர். 2019இல் தென்னிந்தியர் 3,000க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, நியாசின் என்னும் உயிர்ச்சத்தை உடல் கையாளும் முறையோடு தொடர்புடைய மற்றொரு பகுதியைக் காட்டினர். தில்லியிலும் ராம் மனோகர் லோகியா மருத்துவமனையும் தில்லிப் பல்கலைக்கழகமும் இத்துறையில் சேர்ந்து உழைத்துள்ளன. இலங்கையில் 1997இல் தொடங்கிய இரட்டையர் பதிவேடு நம் பக்கத்து மண்ணிலும் இரட்டையரைக் கொண்டு ஆராய வழி திறந்தது. 2022இல் உலக விஞ்ஞானிகள் கூடி வெளியிட்ட பட்டியலில், நோயோடு தொடர்புடைய மரபுப் பகுதிகள் 287 இருந்தன. 1967இல் காட்டஸ்மனும் ஷீல்ட்ஸும் கணக்கினால் ஊகித்ததை இவ்வாறு மரபணு ஆராய்ச்சி கண்ணெதிரே காட்டியது.

வளர்ப்புக்கு எந்தப் பங்கும் இல்லையா? உண்டு, ஆனால் பழி சுமத்தும் வகையில் அன்று. பூஜ்யம் கண்ட அதே டியனாரி, தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 2004இல் ஒரு முடிவை வெளியிட்டார். மரபுச் சார்புடைய பிள்ளைகள் இணக்கமான வீட்டில் வளர்ந்தபோது நோய் குறைந்திருந்தது. சச்சரவு மிகுந்த வீட்டில் கூடியிருந்தது. சார்பில்லாத பிள்ளைகளிடம் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. நோய் வந்த பின்னும் இது பொருந்தும். சண்டிகரில் பேராசிரியர் என். என். விக்கும் லண்டன் அறிஞர்களும் 1987இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நோயாளியைக் குத்திக்காட்டிப் பேசுவது லண்டன் குடும்பங்களைவிடச் சண்டிகர்க் குடும்பங்களில் குறைவு என்றும், நோய் திரும்ப வருவதும் அங்கே குறைவு என்றும் கண்டனர்.

ஆயினும் நம் நாட்டவர் பெருமை கொள்வதற்கு முன் ஏர்வாடியை நினைக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தப்ப வழியின்றி உயிரிழந்தனர். நோயின் காரணத்தை அறியாமை வெறும் ஏட்டுக் குறையன்று. அது உயிரைக் கொள்ளும் என்பதற்கு அதுவே சாட்சி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளரைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை செய்வதையும் அதே பிரிவு தடை செய்கிறது. ஏர்வாடிக்கும் 1933ஆம் ஆண்டு ஜெர்மனிக்கும் அந்த ஒரே பிரிவில் விடை இருப்பதைப் படித்தபோது என் மனம் சற்று ஆறுதல் கொண்டது.

அண்மையில் அந்த அம்மையாரை மீண்டும் கோயிலில் சந்தித்தேன். மூன்று கேள்விகளுக்கும் இயன்றவரை விடை சொன்னேன். “அம்மா, சின்னவருக்கு வந்தே தீரும் என்பதில்லை, மூவரில் இருவருக்கு வருவதில்லை. வயது ஏற ஏற அபாயமும் குறைகிறது. வம்சம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. நூற்றுக்கணக்கான சிறு காரணங்கள், இரண்டு வீட்டிலும் உண்டு, என் வீட்டிலும் உண்டு. உங்கள் வளர்ப்பு இதைத் தரவில்லை. ஆனால் உங்கள் பொறுமை அவரைத் தாங்க முடியும்” என்றேன். அவர் சிரித்தார், பெரியவன் மருந்து தவறாமல் உட்கொள்கிறான், காலையில் பால் வாங்கப் போகிறான் என்றார். சற்று நின்று, “சின்னவனுக்குப் பெண் பார்க்கிறோம். அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் பார்க்கிறோம். இரண்டு இடம் தட்டிப்போயிற்று” என்றும் சொன்னார்.

அந்த இரண்டு இடத்தாரும் நம்மவரே. இரட்டையர் நூறாண்டு காலம் அளித்த சாட்சியம் அவர்கள் காதுக்கு எட்டியிருந்தால் அவர்கள் வேறு முடிவு செய்திருக்கக்கூடும். மனம் கலங்கிய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், 14416 என்னும் அரசாங்கத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். அடுத்த வீட்டில் இருந்தால், அந்த வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.